பக்கத்துத் துறைமுகத்தில் என்ன ஒட்டியிருக்கிறது? கடல்சார் ஆக்கிரமிப்பு இனங்களை நாடுகள் சேர்ந்து கண்காணிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

1946ஆம் ஆண்டு வரை இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்ததில்லை. அசாமில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த நோய் அது. 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களில் தலைகாட்டியது. அதே ஆண்டில் நம் மலைகளிலும் கொழுந்தில் கொப்புளம் கண்டது. காற்றில் வரும் பூஞ்சை வித்துக்குப் பாக்கு நீரிணை ஒரு பொருட்டே இல்லை. அன்று தொடங்கிய கொப்பர் மருந்தடிப்பு, மழைக்காலம் தவறாமல் இன்றும் நடக்கிறது. நோயை நாட்டை விட்டு யாரும் விரட்டவில்லை. அதோடு காலம் தள்ளக் கற்றுக்கொண்டோம்.

கடலிலும் இப்படித்தான் நடக்கிறது, இதைவிட மோசமாக. கொழுந்து பறிக்கிறவர் கண்ணில் கொப்புளம் சீக்கிரம் பட்டுவிடும். துறைமுகத் தூணில், தண்ணீருக்கடியில் ஒட்டிய புது மட்டியை யார் பார்ப்பது? பார்த்த பிறகும் திறந்த கடலில் மருந்தடிக்க வழியில்லை. ஆகவே கடலைப் பொறுத்தவரை உண்மையில் உதவுவது முன்கூட்டிய தகவல்தான்: எந்த இனம், எந்தத் துறைமுகத்தில், எந்தத் திகதியில் காணப்பட்டது என்பது, அந்த இனம் நம் கரைக்கு வருமுன் நம் கைக்கு வர வேண்டும். நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு என்று மாநாட்டு மேடைகளில் பேசப்படுவதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அட்டன், பண்டாரவளைப் பக்கம் இருப்பவருக்குக் கடல் விடயம் எதற்கு என்று கேட்கலாம். லயத்து அடுப்பில் வதங்கும் நெத்தலிக் கருவாடு கடலிலிருந்து வருகிறது. நம் தேயிலை கடல் வழியே போகிறது. நம் மழை கடலில்தான் போய் விழுகிறது; அந்த மழை கண்காணிப்பு வேலையையே எப்படிக் குழப்புகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் ஆக்கிரமிப்பு இனமா?

இல்லை. மனிதரால், தெரிந்தோ தெரியாமலோ, தன் இயற்கையான பரப்புக்கு வெளியே கொண்டுவரப்பட்ட உயிரினம் அந்நிய இனம். அது தானாகப் பெருகி, பரவி, அங்கிருந்த உயிர்களுக்கோ மனிதரின் பிழைப்புக்கோ கேடு செய்தால்தான் ஆக்கிரமிப்பு இனம். தேயிலைச் செடியே நம் மலைக்கு அந்நிய இனம்தான். நட்ட இடத்தில் நிற்கிறது, காட்டுக்குள் ஓடவில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்செடி அப்படியல்ல. பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து மறுபடி முளைக்கும்.

உயிர்ப் பல்வகைமை பற்றிய அரசுகளுக்கிடையிலான அறிவியல் மன்றம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதரால் இடம்பெயர்க்கப்பட்ட இனங்கள் உலகில் 37,000க்கும் மேல். கேடு செய்பவை என்று ஆதாரம் உள்ளவை 3,500க்கும் மேல். ஏறத்தாழ பத்தில் ஒன்று. அந்த ஒன்று எது என்பதை வந்த அன்றே சொல்ல முடியாது என்பதுதான் தலைவலி.

ஓர் இனம் பிறந்த இடத்தில் சாதுவாக இருந்து போன இடத்தில் அட்டகாசம் செய்யலாம். நம் முருகைக்கல் திட்டுகளில் சாதாரணமாகத் திரியும் சிங்க மீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதன்முறை பதிவானது; மீன் தொட்டியிலிருந்து விடப்பட்டிருக்கலாம் என்பதே பரவலான கருத்து. பிறகு கரீபியக் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களை விழுங்கித் தீர்க்கிறது. நம் பக்கத்துப் பச்சை மட்டி 1990இல் திரினிடாட்டிலும் 1999இல் புளோரிடாவின் டாம்பா விரிகுடாவிலும் காணப்பட்டது. அங்கே மின் நிலையங்களின் நீர்க் குழாய்களை அடைத்துக்கொண்டது. ஆகவே நாம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, கொடுப்பவர்களும்தான். பேச்சுவார்த்தை மேசையில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எப்படி வருகின்றன?

முதல் வழி கப்பலின் பாலாஸ்ட் நீர். சரக்கை இறக்கிய கப்பல் இலேசாகி, தண்ணீரில் உயர்ந்து, ஆட்டம் காணும். அதைத் தடுக்க அடித் தொட்டிகளில் துறைமுகக் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறது. பெரிய கப்பலில் இது பல்லாயிரம் தொன். அடுத்த துறைமுகத்தில் சரக்கை ஏற்றும்போது அந்த நீரைக் கொட்டுகிறது. நீரோடு முட்டை, குடம்பி, பாசி வித்து, கிருமி எல்லாம் கொட்டப்படுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு: அதிகம் ஏற்றுமதி செய்யும் துறைமுகம்தான் அதிகம் பாலாஸ்ட் நீரை வாங்கிக்கொள்கிறது. கொழும்பு பெரும்பாலும் கொள்கலன்களை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் துறைமுகம் என்பதால் ஏற்றலும் இறக்கலும் கலந்தே நடக்கும். அதனால் எந்தக் கப்பல் எவ்வளவு கொட்டியது என்பதை ஏற்றுமதிப் புள்ளிவிபரத்திலிருந்து ஊகிக்க முடியாது. கப்பலின் பாலாஸ்ட் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டி வருவது. கொட்டலசு (பாறையிலும் மரத்திலும் ஒட்டும் ஓடுள்ள சிற்றுயிர்), மட்டி, கடற்பீச்சி (பை போன்ற மெத்துடல் உயிர்), பாசி என்று எல்லாமே ஒட்டும். வழுவழுப்பான பக்கங்களைவிட, சுக்கான் இடுக்கு, கப்பலை உந்தும் சுழல்விசிறியின் தண்டு, கடல்நீர் உள்ளிழுக்கும் பெட்டி போன்ற மறைவிடங்களில்தான் அதிகம். ஓடும் கப்பலைவிடக் கட்டிக் கிடக்கும் கலத்தில் இன்னும் அதிகம். வடக்கே, எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்ட மீன்பிடிப் படகுகள் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடப்பது நமக்குத் தெரியும். அதில் மீனவர் பற்றியும் வலை பற்றியும் எவ்வளவோ பேசுகிறோம். அடிப்பலகையில் என்ன வளர்கிறது என்பது பேச்சில் வருவதேயில்லை.

மூன்றாவது, வளர்ப்புக்காகத் தெரிந்தே கொண்டுவருவது. மற்றபடி மீன் தொட்டி வியாபாரம், வெட்டிய கால்வாய்கள். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. அன்றிலிருந்து செங்கடல் உயிர்கள் மத்தியதரைக் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன. இலங்கைக் கோப்பியை ஒழித்த இலைத்துரு நோய் கண்டறியப்பட்டதும் அதே 1869இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் மலையகத்தில் வரலாறு படிப்பவருக்கு ஆண்டை மறக்காமலிருக்க உதவும்.

சட்டம் என்ன கேட்கிறது, எங்கே சறுக்குகிறது?

பாலாஸ்ட் நீருக்கான சர்வதேச உடன்படிக்கை 2004 பெப்ரவரியில் ஏற்கப்பட்டு 2017 செப்டெம்பர் 8இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு தரங்கள் உண்டு.

பழைய தரம், நடுக்கடலில் நீரை மாற்றுவது. கரையிலிருந்து குறைந்தது 200 கடல்மைல் தள்ளி, 200 மீற்றர் ஆழமுள்ள இடத்தில், தொட்டி நீரில் 95 சதவீதத்தை மாற்ற வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரை உள்ளே செலுத்தி வழியவிட்டாலும் போதும். 200 மைல் முடியாவிட்டால் 50 மைல். கரையோர உயிர் நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிர் கரையில் பிழைக்காது என்பது இதன் தர்க்கம். ஆனால் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் சிறு கொள்கலன் கப்பலை நினைத்துப் பாருங்கள். முழுப் பயணத்திலும் அது கரையை விட்டு 200 மைல் விலகுவதே இல்லை. நம் பிராந்தியத்துக்கு இந்தத் தரம் ஆரம்பத்திலிருந்தே சரியாகப் பொருந்தவில்லை.

புதிய தரம் நீரைச் சுத்திகரிக்கச் சொல்கிறது. உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் எல்லாம் 2024 செப்டெம்பர் 8க்குள் இதற்கு வந்தாக வேண்டியிருந்தது. வெளியேற்றும் நீரில், 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கனமீற்றருக்குப் பத்துக்கும் குறைவாகவும், 10 முதல் 50 மைக்ரோமீற்றர் வரையானவை ஒரு மில்லிலீற்றருக்குப் பத்துக்கும் குறைவாகவும் இருக்க வேண்டும். வாந்திபேதிக் கிருமிக்கும் குடற்கிருமிகளுக்கும் தனி வரம்புகள் உண்டு. இதற்காகக் கப்பலில் முதலில் வடிகட்டி, பிறகு புற ஊதாக் கதிரோ மின்பகுப்பில் உண்டாக்கிய குளோரினோ பயன்படுத்துகிறார்கள்.

இயந்திரம் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. சேறு கலங்கிய துறைமுகத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கலங்கல் நீரில் புற ஊதாக் கதிர் ஊடுருவாது. ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்த இடத்தில் மின்பகுப்புக்குப் போதிய உப்பில்லாமல் குளோரின் உற்பத்தி விழுந்துவிடும். தொட்டியின் அடியில் தங்கும் வண்டலில் நச்சுப் பாசிகளின் உறங்கு கூடுகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மேல்நீரைச் சுத்திகரித்தாலும் அவை அப்படியே இருக்கும். துறைமுகப் பரிசோதகர் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் இவற்றில் ஒன்றும் தெரியாது. பதிவேட்டில் நீர் ஏற்றிய இடம், திகதி, அளவு, சுத்திகரிப்பு இயங்கிய நேரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் மாதிரி எடுக்க வேண்டும்.

ஒட்டி வருபவற்றுக்கு இதைப்போல் கட்டாய உலக உடன்படிக்கை இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டல்கள் 2011இல் வந்து 2023இல் திருத்தப்பட்டன, அவை ஆலோசனைதான். நியூசிலாந்து காத்திராமல், வரும் கலங்களின் அடிப்பாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று 2018 மே மாதம் முதல் தன் சட்டத்திலேயே கட்டாயமாக்கியது.

ஒரு நாடு தனியே ஏன் முடியாது?

மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. நீரோட்டம் அந்தக் கோட்டைப் படித்ததில்லை.

கப்பாபைக்கஸ் என்ற சிவப்புக் கடற்பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்தது. உணவுத் தொழிலுக்குத் தேவையான கராஜீனன் பசை இதிலிருந்து வருகிறது. 1990களில் மண்டபம் பக்கம் பரிசோதனையாக வளர்க்கத் தொடங்கி, பிறகு வியாபாரமானது. தமிழ்நாடு அரசு 2005இல் வளர்ப்பைப் பாக்கு விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் என்று வரையறுத்தது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைக் காப்பது நோக்கம். ஆனாலும் 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள முருகைக்கற்கள் மேல் இந்தப் பாசி போர்வையாகப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெளிச்சம் மறைந்தால் முருகைக்கல் பட்டினி கிடந்து செத்துப்போகும்.

கையால் பிடுங்கி எடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்தப் பாசிக்கு விதையோ வித்தோ தேவையில்லை. உடைந்த துண்டே புதுச் செடியாகும். அவசரமாகப் பிய்த்தால் பத்து இடத்தில் இருந்தது நூறு இடத்துக்குப் போகும். துண்டு விழாமல் பைக்குள் எடுத்து, பாறையில் ஒட்டிய அடிப்பாகத்தையும் சுரண்டி, சில வாரங்களில் திரும்பி வந்து பார்த்து மறுபடி எடுக்க வேண்டும்.

இதே பாசி நம் வடமாகாணக் கரையிலும் வளர்க்கப்படுகிறது. அங்கே பல குடும்பங்களுக்கு அது வருமானம். வளர்க்கக்கூடாது என்று மலையிலிருந்து சொல்வது சுலபம். அது எங்கள் வாதமல்ல. நீரிணையின் ஒரு பக்கத்தில் ஒரு விதியும் மறுபக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தால் இரண்டுக்குமே பலனில்லை என்பதே வாதம். வளர்ப்புக் கயிற்றிலிருந்து எந்த மாதத்தில் எவ்வளவு துண்டு உடைந்து போகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அந்தத் திசையில் முருகைக்கல் திட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் ஒரே முறையில் அளந்து, ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னோர் உதாரணம், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கரைகளுக்குரிய மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்ற மட்டி. 2016இல் சிங்கப்பூரில் பதிவானது. சில ஆண்டுகளில் கேரளத்தின் உப்பங்கழிகளிலும் காணப்பட்டது. வரைபடத்தை எடுத்து இரண்டு புள்ளி வையுங்கள். கப்பல் பாதையில் நடுவே கொழும்பு இருக்கிறது. சிங்கப்பூரின் பதிவைக் கொழும்பும் கொச்சியும் உடனே வாசித்துத் தம் தூண்களைச் சோதிப்பதுதான் ஒத்துழைப்பு என்பதன் நடைமுறை உருவம்.

ஒட்டுத் தட்டு: கண்காணிப்பின் எளிய கருவி

துறைமுகத்தில் என்ன வந்து ஒட்டுகிறது என்று அறிய, ஒட்டுவதற்கு ஓர் இடத்தைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் பால்டிக் கடல் நாடுகளின் ஆணைக்குழுவும் வடகிழக்கு அட்லாந்திக் நாடுகளின் ஆணைக்குழுவும் 2013இல் சேர்ந்து ஒரே செயல்முறையை வகுத்தன. அதன் மையத்தில் இருப்பது 15 சென்டிமீற்றருக்கு 15 சென்டிமீற்றர் சாம்பல்நிற பிவிசித் தட்டு. கூரைக்கும் குழாய்க்கும் பயன்படும் அதே பிளாஸ்டிக்தான்.

தட்டின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழுக்கும் பரப்பில் குடம்பி பிடிப்பதில்லை. நடுவில் துளையிட்டு, ஒரே கயிற்றில் மூன்று தட்டுகளைக் கிடையாகக் கோத்து, அடியில் ஒரு செங்கல்லைப் பாரமாகக் கட்டுகிறார்கள். தட்டுகள் 1, 3, 7 மீற்றர் ஆழங்களில் நிற்கும்படி இறக்கி, குறைந்தது மூன்று மாதம் விடுகிறார்கள். மேல்முகத்தில் வெளிச்சமும் வண்டலும் விழுவதால் பாசியும் சேறும் படியும். நாம் தேடும் மட்டி, கடற்பீச்சி வகைகள் நிழலான அடிமுகத்தையே விரும்பும். ஆகவே இரண்டு முகமும் படம் எடுக்கப்பட வேண்டும், அடிமுகம் கவனமாக.

தூக்கும்போது மெதுவாக. அதே இடத்துக் கடல்நீர் ஊற்றிய தட்டத்தில் வைத்து, அளவுகோல் பக்கத்தில் வைத்து, உயிரோடு இருக்கையிலேயே படம் எடுக்க வேண்டும். செத்த பிறகு நிறம் போய்விடும். பிறகு மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டிஎன்ஏ பார்க்க 95 சதவீத எதனோலில் ஒரு பாகம். உருவம் பார்க்க போர்மலினில் மறு பாகம். எல்லாவற்றையும் போர்மலினில் போட்டால் டிஎன்ஏ சிதைந்துவிடும். கடற்பீச்சியை நேரே போர்மலினில் போட்டால் சுருங்கி உருண்டையாகிவிடும், நிபுணராலும் இனம் சொல்ல முடியாது. முதலில் கடல்நீரில் மென்தோல் பளிங்கைத் தூவி, தொட்டாலும் சுருங்காத அளவுக்கு மயங்கவிட வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். பேனா மை எதனோலில் கரைந்து, போத்தல் நிறைய நீலத் தண்ணீரும் பெயர் தெரியாத மட்டியும்தான் மிஞ்சும்.

கெட்டுப்போகும் வழிகள் ஏராளம். துறைமுகச் சுவரின் விளிம்பில் உரசிக் கயிறு அறுந்துவிடும். நல்ல கயிறு என்று யாராவது அவிழ்த்துக்கொண்டு போவார்கள். செப்புக் கம்பியால் கட்டினால் தட்டு வெறுமையாகவே இருக்கும். கொப்புள நோய்ப் பூஞ்சையைக் கொல்லும் அதே செம்பு கொட்டலசுக் குடம்பியையும் கொல்லும். புதிதாக அடிவர்ணம் பூசிய படகுக்கு அருகே தட்டைத் தொங்கவிட்டாலும் இதே விளைவுதான்.

நம் மழை வேலையைக் குழப்பும் இடம் இது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் கொட்டும்போது மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களின் பக்கத்து நீர் களனி ஆற்றில் இறங்குகிறது. லக்சபான வான்கதவு திறந்தது என்று செய்தியில் கேட்கிறோம். அந்த நீர் போய்ச் சேரும் களனி முகத்துவாரம் கொழும்புத் துறைமுகத்துக்கு வடக்கே சற்றுத் தூரத்தில்தான் இருக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் இலேசு, ஆகவே மேலே மிதக்கும். அது வந்து சூழ்ந்தால் ஒரு மீற்றர் ஆழத்துத் தட்டில் ஒட்டியவை செத்துவிடலாம். ஏழு மீற்றர் தட்டில் ஒன்றும் ஆகாது. விடயம் தெரியாதவர் மேல் தட்டை மட்டும் பார்த்து, புது இனம் எதுவும் இல்லை என்று எழுதிவிடுவார். உப்புக் குறைந்த நீரையும் தாங்கும் மைட்டெல்லா போன்ற மட்டிக்கு இதுவே வாய்ப்பு: போட்டி போடும் உள்ளூர் உயிர்கள் செத்து, வெற்றிடம் கிடைக்கும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிச் சேரும் திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் இந்த நிலை வடகீழ்ப் பருவத்தில் வரும். ஆகவே ஒவ்வொரு ஆழத்திலும் மாதாமாதம் உப்பின் அளவையும் வெப்பநிலையையும் எழுதாமல் தட்டு விடுவதில் அர்த்தமில்லை. மழைக்காலத்துக்கு ஒன்று, மழை ஓய்ந்த காலத்துக்கு ஒன்று என்று இரண்டு தொகுதியாவது வேண்டும்.

தட்டோடு இப்போது சூழல் டிஎன்ஏ முறையும் சேர்ந்துள்ளது. ஓரிரு லீற்றர் கடல்நீரை 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளில் வடித்து, அதில் தங்கிய டிஎன்ஏயைப் படித்து, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. வேகமானது, ஆனால் அது தரும் சாட்சி அரைகுறை. கப்பல் கொட்டிய நீரில் செத்த உயிரின் டிஎன்ஏயும் அகப்படும். ஒப்பிடும் தொகுப்பில் நம் உள்ளூர் இனங்கள் இல்லாவிட்டால் கணினி அருகிலுள்ள ஏதோ ஒரு பெயரைச் சொல்லும். ஒவ்வொரு முறையும் சுத்தமான நீரையும் அதே கருவியில் வடித்து வெற்று மாதிரி வைக்காவிட்டால், கையுறையிலிருந்து வந்ததா கடலிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. அது சொல்வதைத் தட்டிலோ தூணிலோ உயிரைக் கண்ட பிறகே நம்ப வேண்டும்.

தகவலைப் பகிர்வதில் என்ன கஷ்டம்?

முதலில் பெயர். மேலே சொன்ன மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா பழைய நூல்களில் மைட்டெல்லா சருவானா. ஒரு நாட்டுப் பட்டியலில் ஒரு பெயரும் அடுத்த நாட்டில் மற்றதும் இருந்தால், கணினி இரண்டையும் வெவ்வேறு விலங்காக எண்ணி எச்சரிக்கை தராது. உலகக் கடல் இனங்களின் பொதுப் பதிவேடு இருப்பது இதற்காகத்தான். எல்லாரும் அதன் பெயரையே எழுத வேண்டும்.

இரண்டாவது, காணாததை எழுதாமல் விடுவது. தேடினோம், இல்லை என்ற பதிவு கண்டோம் என்பதற்குச் சமமான பெறுமதி உடையது. இந்தத் திகதியில் இல்லை, அந்தத் திகதியில் உண்டு என்றால்தான் எப்போது வந்தது, எந்தக் கப்பல்கள் அந்த இடைவெளியில் வந்தன என்று கணக்கிட முடியும்.

மூன்றாவது, மாதிரியை அனுப்புவது. படத்தை ஒரு நிமிடத்தில் அனுப்பலாம்; போத்தலை அனுப்ப முடியாது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிர்ப் பல்வகைமைச் சட்டமும் நம் வனவிலங்குச் சட்டங்களும் உயிர் மாதிரி வெளியே போவதற்கு அனுமதி கேட்கின்றன. உயிரியல் வளத் திருட்டைத் தடுக்க வந்த சட்டங்கள் இவை, நியாயமானவை. ஆனால் அவசரத்துக்கு அனுமதிக் கோப்பு உதவாது. ஆகவே அனுமதியை முன்கூட்டியே, பொது ஒப்பந்தமாக எடுத்துவைக்க வேண்டும். இல்லையேல் நிபுணர் மாதிரி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

நான்காவது பயம். நம் துறைமுகத்தில் ஆக்கிரமிப்பு இனம் என்று அறிவித்தால் கப்பல் வராமல் போகுமோ, இறால் ஏற்றுமதி பாதிக்குமோ என்று அதிகாரிகள் தயங்குவார்கள். எங்கள் கணிப்பில் மற்ற மூன்றையும்விட இதுதான் பெரிய தடை, தொழில்நுட்பத்தால் தீராது. அறிவித்த நாட்டுக்குத் தண்டனை இல்லை, உதவி உண்டு என்ற ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும்.

அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. கடற் சட்ட உடன்படிக்கையின் 196ஆம் பிரிவு அந்நிய இனங்களைத் தடுப்பதை நாடுகளின் கடமையாக்குகிறது. 2022 டிசம்பரில் மொன்றியலில் ஏற்கப்பட்ட உலக உயிர்ப் பல்வகைமைச் சட்டகத்தின் ஆறாவது இலக்கு, இவ்வினங்கள் நுழைந்து நிலைகொள்ளும் வேகத்தை 2030க்குள் பாதியாவது குறைக்கச் சொல்கிறது. பிராந்தியத்தில், 1982இல் தொடங்கிய தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றாடல் அமைப்பின் தலைமையகம் கொழும்பிலேயே இருக்கிறது. அதன் கடல் திட்டத்தில் பங்களாதேஷ், இந்தியா, மாலைதீவு, பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்தும் உண்டு. சென்னையில் வங்காள விரிகுடா மீன்பிடி அமைப்பு. நம் நாட்டில் நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமும், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையும் பொறுப்பானவை.

கண்டுபிடித்த பிறகு?

வேகம். 1999 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறையில் கருவரி மட்டி காணப்பட்டது. மத்திய அமெரிக்கப் பக்கத்தது. விசாகப்பட்டினத் துறைமுகத்தில் 1967இலேயே பதிவான இனம். ஆறு மாதத்துக்கு முந்திய ஆய்வில் அங்கே அது இல்லை. கண்டபோது சில இடங்களில் சதுர மீற்றருக்கு 20,000க்கும் மேல். படகுத்துறையை மூடி, குளோரினும் செப்புச் சல்பேற்றும் கொட்டி, ஏற்கெனவே வெளியேறிப் போன படகுகளைத் தேடிப்பிடித்துச் சோதித்து, சில வாரங்களில் முற்றாக ஒழித்தார்கள். உள்ளே இருந்த மற்ற உயிர்களும் செத்தன. இது சாத்தியமானதற்குக் காரணம் அங்கே வற்றுப்பெருக்கு மிக அதிகம் என்பதால் படகுத்துறைகளுக்குப் பூட்டுக் கதவு இருந்தது; கதவை அடைத்ததும் அது ஒரு குளமாகிவிட்டது. கொழும்புக்கோ திருகோணமலைக்கோ அப்படிக் கதவு கிடையாது.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கருங்கடல். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பக்கத்திலிருந்து பாலாஸ்ட் நீரில் வந்த சீப்புச்சொறி என்ற, சொறிமீனைப் போன்ற கூழுடல் உயிர், மீன் குஞ்சின் உணவையும் மீன் முட்டையையும் தின்று பெருகி, பத்தாண்டு முடிவதற்குள் நெத்தலி இனத்து மீன்பிடியைச் சரித்தது. அளவுமீறிய மீன்பிடிக்கும் அதில் பங்குண்டு. கரையிலிருந்த நாடுகள் எதுவும் அதை அகற்றவில்லை. 1997இல் அதைத் தின்னும் இன்னொரு சீப்புச்சொறி தானாக வந்து சேர்ந்த பிறகுதான் தணிந்தது. 1999 அளவில், முதலில் வந்த சீப்புச்சொறி காஸ்பியன் கடலுக்கும் போய்விட்டது.

எதிரி உயிரைத் தெரிந்தே கொண்டுவந்து விடலாமா? தேயிலையில் அது நடந்தது. இலை சுருட்டும் புழுவைக் கட்டுப்படுத்த 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டு நன்றாகவே வேலை செய்தது. பின்னர் வேறொரு பூச்சிக்கு அடித்த மருந்து குளவியைக் கொன்றபோது புழு மறுபடி தலைதூக்கியது. தோட்டத்தில் குளவி எங்கே போகிறது என்று பார்க்கலாம். கடலில் விட்ட ஒன்றைத் திருப்பி எடுக்க முடியாது. அதனால் இந்த வழியைக் கடலில் யாரும் இலகுவில் தொடுவதில்லை.

மலையிலிருந்து செய்யக்கூடியது

மீன் தொட்டியை ஓடையில் கவிழ்க்காதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் மீன் இலங்கை நீர்நிலைகளில் பெருகியது இப்படித்தான். வளர்க்க முடியாவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

பாடசாலைச் சுற்றுலா என்று நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போகும் மாணவர் குழு நல்ல பதிவை உண்டாக்க முடியும். இறங்குதுறைத் தூண், மிதவை, கட்டிக் கிடக்கும் படகின் கயிறு, இவைதான் பார்க்க வேண்டிய இடங்கள். மணற்கரையில் ஒன்றும் தெரியாது. கூட்டமாக ஒட்டியதை ஒரு படம், ஒற்றை விலங்கை இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. எதன்மேல் ஒட்டியிருந்தது, நீர்மட்டத்துக்கு மேலா கீழா, திகதி, கைபேசி காட்டும் இருப்பிடம். உயிருள்ளதைப் பையில் போட்டுக் கொண்டு வர வேண்டாம். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் மற்ற நாட்டு நிபுணரும் பார்ப்பார். அசாதாரணமாகக் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால் நாராவுக்கும் தெரிவியுங்கள். செயலி முன்மொழியும் முதல் பெயரை அப்படியே அழுத்திவிடாமல், தெரியாவிட்டால் 'மட்டி வகை' என்ற அளவில் நிறுத்துங்கள். தவறான இனப்பெயரோடு ஏறிய படத்தை, சரியான பெயரைத் தேடும் நிபுணர் காணவே மாட்டார்.